பஸ் முதுகில் ஒரு முகம்

பிப்ரவரி 3

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். அக்காவும் பாப்பாவும் நலமா? போனில் பேசினால் அக்கா பிடுங்கிக்கொண்டு, "சாப்பிட்டியா, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு" என்று ஆரம்பித்துவிடுவாள். அதனால்தான் கடிதம். டிப்போ தபால் பையிலேயே உங்கள் அலுவலகத்துக்குப் போட்டுவிட்டேன்.

போன மழைக்காலத்தில் அந்த சைக்கிள்காரர் வழுக்கி என் பஸ்ஸின் அடியில் விழுந்தது உங்களுக்குத் தெரியும். என் மேல் தப்பில்லை என்று போலீஸே எழுதிக் கொடுத்துவிட்டது. உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அன்றிலிருந்து சக்கரம் எந்தப் பள்ளத்தில் இறங்கினாலும் யார் மேலோ ஏறிவிட்ட மாதிரியே இருக்கிறது. வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, குனிந்து பார்த்தால்தான் மேற்கொண்டு ஓட்ட முடிகிறது. நம் ரோட்டில் பள்ளத்துக்கா பஞ்சம்? பயணிகள் வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்கள். கண்டக்டர் தங்கமான மனுஷன். "அண்ணே, நான் பாத்துட்டேன், கீழ யாரும் இல்ல, ஏறுங்க" என்கிறார். அவர் சொல்வதை நம்புகிறேன். ஆனாலும் இறங்குகிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது அத்தான். கொஞ்ச காலம் ஸ்டியரிங் வேண்டாம். டிப்போவில் பஸ் கழுவும் ஷெட்டில் போடச் சொல்லுங்கள். பணியாளர் பிரிவு மேலாளர் நீங்கள் ஒரு வரி எழுதினால் மறுபேச்சு ஏது?

உங்கள் மச்சினன்

பிப்ரவரி 11

அன்பு மாப்பிள்ளைக்கு,

கடிதம் கண்டேன். உன் அக்காவைக் கட்டிக்கொண்ட நானே தைரியமாக நடமாடுகிறேன், உனக்கென்னடா பயம்?

சரி, கிண்டல் போதும். உனக்கு நல்ல நேரம்தான். நம் முதலாளி எங்கேயோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, ஊழியர்களின் மனநலத்துக்கு ஒரு திட்டம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். பொறுப்பு என்னுடையது. டிப்போவுக்கு ஒரு ஆலோசனை அறை. முதல் அறையை உன் டிப்போவிலேயே போட்டுவிட்டேன், உனக்காகத்தான். கூச்சப்படாமல் போய்ப் பேசு.

அடுத்த மாதம் தொடக்க விழா. மனம் உடைந்து, குணமாகி வந்த ஊழியர் ஒருவர் மேடையில் நாலு வார்த்தை பேச வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. வெளியாளை எங்கே போய்த் தேடுவேன்? நீயே பேசிவிடு, நான் எழுதித் தருகிறேன். விழா முடியட்டும், ஷெட் வேலையைப் பற்றி அப்புறம் பார்க்கலாம்.

அக்காவிடம் எதையும் சொல்லவில்லை. தாங்கமாட்டாள்.

பாசத்துடன்,
அத்தான்

மார்ச் 29

அன்புள்ள அத்தானுக்கு,

விழா முடிந்து நாளாகிவிட்டது. நீங்கள் மூச்சே விடவில்லை, நானே எழுதுகிறேன்.

ஆலோசனை அறை என்பது பழைய டயர் போட்டு வைத்திருந்த அறை. கதவு பாதிக்கு மேல் சாத்தாது. எதிரே டைம் கீப்பர் உட்கார்ந்திருக்கிறார். நான் அழுதால் அவர் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொள்கிறார், காதை என்ன செய்வார் பாவம். ஆலோசகர் அம்மா நல்லவர். "ஆறு மாசம் நீங்க வண்டி எடுக்கக் கூடாது. நான் எழுதித் தரேன்" என்றார், எழுதியும் கொடுத்தார். அதைக் கொண்டுபோய் டிப்போ மேனேஜரிடம் நீட்டினால் சிரிக்கிறார். "நீதானய்யா மைக்ல குணமாயிட்டேன்னு சொன்ன? அதுக்குள்ள என்ன?"

நான் "மீண்டு வருகிறேன்" என்றுதான் சொல்ல இருந்தேன். நீங்கள் அதை அடித்துவிட்டு "மீண்டுவிட்டேன்" என்று எழுதினீர்கள். முதலாளி எதிரில் நான் அதையே வாசித்தேன்.

இப்போது பஸ்ஸுக்குப் பஸ் முதுகில் என் படம். 'மீண்டு வந்தேன். நீங்களும் வரலாம்.' நேற்று சிக்னலில் நின்றால் முன்னால் நிற்கிற பஸ்ஸில் நானே பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறேன். கண்டக்டர், "அண்ணே, பாத்து, உங்களையே இடிச்சுடாதீங்க" என்றார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்த பள்ளத்தில் இறங்கிப் பார்த்தேன்.

விழா முடிந்தால் பார்க்கலாம் என்றீர்களே அத்தான்.

உங்கள் மச்சினன்

ஏப்ரல் 6

அன்பு மாப்பிள்ளைக்கு,

அந்த அம்மா எழுதிய சீட்டை டிப்போ மேனேஜர் எனக்கு அனுப்பிவிட்டார், என்னிடம்தான் இருக்கிறது. மேலே அனுப்பவில்லை. இனி இப்படியெல்லாம் எழுத வேண்டாம், ஊழியர்களிடம் கனிவாகப் பேசினால் போதும் என்று அவரிடம் சொல்லியாகிவிட்டது.

கொஞ்சம் யோசித்துப் பார். பஸ் முதுகில் சிரிக்கிற மனிதன் ஷெட்டில் துடைப்பத்தோடு நின்றால் நாலு பேர் என்ன கேட்பார்கள்? அடுத்த மாதம் மூன்று கம்பெனிக்காரர்கள் நம் திட்டத்தைப் பார்க்க வருகிறார்கள். பொது மேலாளர் நாற்காலி காலியாக இருக்கிறது, முதலாளி என்னைப் பார்க்கிற பார்வையே வேறு. இந்த நேரத்தில் காலை வாரிவிடாதே. உனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுக்க நான் யார் யார் காலைப் பிடித்தேன் என்று உனக்குத் தெரியும்.

பல்லைக் கடித்துக்கொள். பள்ளம் வந்தால் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொள். எல்லாம் மனசுதான்.

அத்தான்

ஏப்ரல் 20

அத்தான்,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் செய்தி வந்து சேர்ந்திருக்கும். மேம்பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டேன். உள்ளே நிற்க இடமில்லாத கூட்டம். இறங்கிக் குனிந்தேன். பார்த்தது போதவில்லை. அடியில் நுழைந்து பின்சக்கரத்தைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டேன். யாரும் இல்லை என்று கண்ணுக்குத் தெரிகிறது, கை விட மாட்டேன் என்கிறது. கண்டக்டரும் என் பக்கத்தில் படுத்து, "அண்ணே, எனக்காக வாங்க" என்று கெஞ்சினார். வெளியே ஒரு அம்மா, "இவரு அந்தப் படத்துல இருக்கறவரு இல்ல?" என்றார். அவ்வளவுதான், எல்லோரும் குனிந்து செல்போனில் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அத்தான், எனக்கு உடம்பு சரியில்லை. மேடையில் பேசியதற்கும் நானே பொறுப்பு, உங்களைக் குறை சொல்லவில்லை. இப்போதாவது உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

உங்கள் மச்சினன்

ஏப்ரல் 22

மாப்பிள்ளை,

மானத்தை வாங்கிவிட்டாய். வீடியோவை முதலாளியே எனக்கு அனுப்பிவைத்தார்.

கோபத்தை அடக்கிக்கொண்டு சொல்கிறேன், கேட்டுக்கொள். உனக்கு மறுபடி மனசு கெட்டுவிட்டது என்று எழுதினால் திட்டமும் போச்சு, நானும் போனேன், உன் லைசென்ஸும் போச்சு. பைத்தியத்துக்கு ஸ்டியரிங் கொடுத்த கம்பெனி என்று ஊர் சிரிக்கும். ஒரு வழிதான் இருக்கிறது. பணி நேரத்தில் குடித்திருந்தேன் என்று எழுதிக் கொடு. உன் வாயை மோந்து பார்க்க அன்றைக்கு யாரும் வரவில்லை. குடிக்கு நம்மிடம் விதி இருக்கிறது: முதல் தடவை என்றால் ஆறு மாதம் பாதிச் சம்பளத்தில் ஷெட் வேலை, அப்புறம் பழையபடி ஸ்டியரிங். மனசுக்கு விதி கிடையாது.

நீ கேட்ட ஷெட்டுதானே? கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள். நாளைக்குள் கடிதம் என் மேஜைக்கு வர வேண்டும்.

அத்தான்

ஏப்ரல் 23

பணியாளர் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

ஐயா, மேம்பாலத்தில் வண்டியை நிறுத்திய அன்று நான் மது அருந்தியிருந்தேன். நடந்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
ஓட்டுநர்

இந்தப் பின்குறிப்பைத் தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன், படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். அத்தான், எங்கள் அப்பா குடித்தே போனவர். அந்த வீட்டில் என்னைத் தூக்கி வளர்த்தது அக்கா. அந்த வாடையே எனக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியும். ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

மே 2

மாப்பிள்ளைக்கு,

உத்தரவு இத்துடன் வருகிறது. நாளை முதல் கழுவும் ஷெட். முதலாளி சமாதானமாகிவிட்டார். "ஒருத்தர் குடிச்சா திட்டம் என்ன பண்ணும்" என்று அவரே சொன்னார். உன் படங்களைக் கிழிக்கச் சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் படம் போட கணக்குப் பிரிவில் ஒரு பெண் கிடைத்திருக்கிறாள். நன்றாகச் சிரிக்கிறாள்.

அக்கா விஷயம். சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவள் வாயில் எது நிற்கும்? பத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். அதனால் விட்டுவிட்டேன். இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். "அப்பா மாதிரியே ஆயிட்டான். பாப்பா இருக்கற வீடு, இனிமே அவன் இங்க வர வேணாம்" என்கிறாள். நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன், அவள் பிடிவாதம் உனக்குத் தெரியாததா? கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதே. காலம் போனால் சரியாகிவிடும்.

பொது மேலாளர் உத்தரவு எனக்கு வந்துவிட்டது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அத்தான்

ஜூன் 15

மதிப்புக்குரிய பொது மேலாளர் ஐயா அவர்களுக்கு,

பதவி உயர்வுக்கு வாழ்த்துகள். நான் நலம். தண்ணீர் பீய்ச்சுகிற சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழுவதில்லை. கழுவுவதற்கு முன் நானே பஸ்ஸின் அடியில் நுழைந்து நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன், யாரும் திட்டுவதில்லை. தூக்கம் வருகிறது. குடிகாரனுக்குக் கொடுக்கிற தண்டனை எனக்கு மருந்தாக வேலை செய்கிறது.

அக்காவுக்கு நான் எழுதிய கடிதம் பிரிக்காமல் திரும்பி வந்தது. உறையில் இருந்தது உங்கள் கையெழுத்து. அவள் கண்ணில் பட்டதா என்று நான் கேட்கப் போவதில்லை. இந்தக் கடிதத்தில் அத்தான் என்று ஏன் எழுதவில்லை என்று நீங்களும் கேட்க வேண்டாம்.

ஒரு தகவல் மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. போன வாரம் நம் டிப்போவின் மூத்த ஓட்டுநர் ஒருவருடைய வண்டியில் ஒரு பெண்மணி அடிபட்டு இறந்துபோனார். மறுநாள் அந்த ஓட்டுநர் குழாயடியில் நின்று கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். சோப்புத் தீர்ந்த பிறகும் கழுவினார். "ஆலோசனை அறைக்குப் போன்னு மேனேஜர் சொல்றாரு, போகட்டுமா?" என்று என்னைக் கேட்டார். கணக்குப் பிரிவுப் பெண்ணின் படம் அவருக்கு நேர் எதிரே பஸ்ஸில் இருந்தது.

"அந்த அறைப் பக்கமே போயிடாதீங்க. ரெண்டு வாய் பிராந்தி வாங்கிக் கொப்பளிச்சுட்டு, நேரா மேனேஜர் முன்னாடி போய் நில்லுங்க" என்றேன்.

அவர் புரிந்துகொண்டார். இன்று காலையிலிருந்து ஷெட்டுக்கு வருகிறார். இரண்டு பேராக இருப்பதால் வேலை சீக்கிரம் முடிகிறது.

இப்படிக்கு,
கழுவும் ஷெட் ஊழியர்