ஐவி, நீ மறுபடியும் போ

மயிலாப்பூர்,
ஞாயிறு மதியம்.

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

அன்பு மகள் ஐவிக்கு அம்மா எழுதுவது. இறைவன் அருளால் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், என் முட்டிவலியும் அவருடைய சர்க்கரையும் ஏறாமல் இறங்காமல் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, இந்த வயதில் அதுவே பெரிய விஷயம். மான்செஸ்டரில் நீயும் மாப்பிள்ளை ஜாக்சனும் உடம்பும் மனசும் தேறி இருக்க வேண்டும் என்றுதான் இங்கே தினமும் ஜெபமாலை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசினால் டியூட்டி இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். கீழ் வீட்டு ஜோதிலட்சுமியின் மகள் ஸ்நேஹா லீவு முடிந்து உங்கள் ஊர் காலேஜுக்கே திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

கோபப்பட விஷயம் இருக்கிறது. குழந்தைக்காக நீங்கள் ட்ரீட்மென்ட் எடுப்பதை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றாய், நானும் விடவில்லை, உன் அப்பாதான் போட்டு உடைத்துவிட்டார். போன வாரம் பக்கத்துத் தெரு லிசா வீட்டில் நம் பங்குக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம். ஜெபமாலை முடிந்து ஒவ்வொருவராக மன்றாட்டு சொல்லிக்கொண்டு வந்தோம். உன் அப்பாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, மழை பெய்ய வேண்டும் என்றோ நோயாளிகள் குணமாக வேண்டும் என்றோ ஒரு வரியில் முடித்துவிட்டு பஜ்ஜிக்குக் காத்திருக்கிற மனிதர். அன்றைக்கு முழங்கால் போட்டார். "ஆண்டவரே, எம் பொண்ணு ஐவி வயித்துல வெச்ச கரு போன தடவை நிக்கல. அவ அழுதத என்னால தாங்க முடியல. இன்னொரு தடவை போறதுக்கு அவளுக்குத் தைரியம் குடும்" என்றார். அப்புறம் லிசாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று ஆரம்பித்தாள், எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவரைத் திட்டினேன். ஆண்டவரிடம்தானே சொன்னேன், ஊரிடமா சொன்னேன் என்கிறார். இப்போது ஜோதிலட்சுமி வரைக்கும் தெரிந்துவிட்டது, வடபழனி முருகனிடமும் சொல்லிவைத்திருக்கிறாளாம், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்றைக்கு டீ குடிக்கும்போது அன்பியத் தலைவர் ஆரோக்கியநாதன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, டீச்சர் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கருவை வெளியே உண்டாக்கி வைக்கிற இந்த வைத்தியத்தைத் திருச்சபை ஏற்பதில்லை, அதற்காக நாம் கூடி மன்றாடுவது முறையா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது இல்லாத ஒன்று இல்லை, மறைக்கல்வி வகுப்பில் அதே பாடத்தை நானே பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். இரண்டு நாள் கழித்து நீயும் போனில் அதையே கேட்டாய். நான் பாவம் செய்ததால்தான் முதல் தடவை தங்கவில்லையா அம்மா, பிறந்தாலும் அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார்களா, பேசாமல் இத்தோடு விட்டுவிடட்டுமா என்று கேட்டுவிட்டு என் பதிலுக்குக்கூட நிற்காமல் வைத்துவிட்டாய்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் பங்குத் தந்தையின் அறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். திருச்சபையின் போதனை அதுதான், அதை உங்களுக்காக மாற்றிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை என்று அவரும் சுற்றி வளைக்காமல்தான் சொன்னார். சரி ஃபாதர், பிள்ளை பிறந்தால் என்றேன். "எப்படி வந்தாலும் கடவுளோட பிள்ளைதான் டீச்சர். ஞானஸ்நானத்துக்குத் தூக்கிட்டு வந்தா வாசல்லயே நிறுத்திருவேன்னு நெனச்சீங்களா?" என்றார். நீ ஊருக்கு வரும்போது உன்னையும் ஒருநாள் வந்து பேசச் சொன்னார், திட்டுவதற்கு இல்லையாம். எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதியை வீட்டுக்கு வந்து யோசித்து யோசித்து நானேதான் வரவழைத்துக்கொண்டேன், அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன், கவனமாகப் படி.

முதலாவது, ஆண்டவர் உன்னைப் பழிவாங்குகிறார் என்று இனிமேல் உன் வாயில் வரக் கூடாது. அவர் பழிவாங்குகிறவர் என்று நான் எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுத்ததில்லை, உனக்கு மட்டும் அதை யார் சொல்லிக்கொடுத்தது? அப்புறம், விட்டுவிடட்டுமா என்று கேட்டாயே, எதை விடுவாய்? உங்கள் இரண்டு பேருடைய கரு இன்னும் ஒன்று அந்த ஆஸ்பத்திரியில் உறையவைத்து வைத்திருக்கிறார்கள் என்று நீதானே சொன்னாய். கரு உண்டான நேரத்திலிருந்தே அது ஓர் உயிர் என்று சொல்வதும் அதே திருச்சபைதான், அதையும் நான்தான் நடத்தினேன். இப்படிச் செய்திருக்கலாமா கூடாதா என்ற கேள்வியெல்லாம் இனி முடிந்த கதை, அதில் தப்பு இருந்தால் நான் ஆண்டவரிடம் நேரில் பேசிக்கொள்கிறேன். ஆனால் அது உயிர் என்று நம்புகிற நாம் அதை அங்கே குளிரில் விட்டுவிட்டு எப்படித் திரும்பி வருவது? பயமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும், எனக்கும்தான் இருக்கிறது. அது உன்னிடம் தங்கலாம், தங்காமலும் போகலாம், அது நம் கையில் இல்லை. போய் எடுத்துக்கொள்வது மட்டும்தான் உன் கையில் இருக்கிறது. ஐவி, நீ மறுபடியும் போ.

வெள்ளிக்கிழமைகளில் நான் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கிறேன். நீயும் இருக்கிறேன் என்று கிளம்பாதே, நேரத்துக்கு நன்றாகச் சாப்பிடு. ஊசி போட்ட இடத்தில் துணி உரசுகிறது என்றாயே, பாண்டி பஜாரில் நாலு கடை ஏறி இறங்கித் தொளதொளப்பான காட்டன் நைட்டிகள் வாங்கியிருக்கிறேன், நிறம் பிடிக்கவில்லை என்றாலும் போட்டுக்கொள். பருப்புப் பொடியும் வைத்திருக்கிறேன். ஜாக்சனையும் கொஞ்சம் கவனித்துக்கொள், ஆண்பிள்ளை என்பதால் அழாமல் உள்ளேயே வைத்துக்கொண்டிருப்பான். அப்பாவிடம் கோபத்தைக் காட்டாதே, அவர் வேண்டிக்கொண்டது உனக்குத் தைரியம் வேண்டும் என்றுதான். மறுபடி வருகிறாயா என்று மாதக் கடைசிக்குள் ஆஸ்பத்திரியில் பதில் கேட்டிருப்பதாகச் சொன்னாயே, அதுவரைக்கும் காத்திருக்காதே, இதைப் படித்து முடித்ததும் போன் செய்து வருகிறேன் என்று சொல்லிவிடு.

உன் நெற்றியிலும் ஜாக்சன் நெற்றியிலும் இங்கிருந்தே சிலுவை போடுகிறோம். அங்கே குளிரில் இருக்கும் நம் சின்னதற்கும் ஒன்று போட்டுவிட்டேன், நெற்றி எங்கே இருக்கிறது என்று ஆண்டவருக்குத் தெரியும்.

உன் அம்மா,
ரெஜினா