பால் வெட்டும் கத்தரி

கப்பலில் இருக்கும் என் மகனுக்கு, அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உன் உடம்பும் வேலையும் சீராக இருக்கட்டும். இங்கே நம் திரைத்துணிக் கடைக்குக் குறைவில்லை. குறை எல்லாம் வீட்டில்தான்.

என் போன கடிதத்தைப் படித்துவிட்டு, உன் மனைவியை அவள் அம்மா வீட்டுக்குப் போகச் சொல்லி நீ எழுதியது வந்து சேர்ந்தது. நின்றபடியே படித்தாள். அன்றே பெட்டி கட்டிவிட்டாள். அவள் அண்ணனுக்கு விடுப்பு கிடைத்ததும் வந்து அழைத்துப் போகிறானாம். அதற்குள் இது உன் கைக்கு வர வேண்டும்.

நான் சந்தேகப்பட்டதில் தப்பு என்ன, நீயே சொல். எனக்குக் காய்ச்சல் வந்து போனதிலிருந்து, உடம்பு தேற வேண்டும் என்று தினமும் மாலை பெரிய டம்ளர் நிறையப் பால் கொண்டுவந்து வைத்தாள். அதற்கு முன் டீயில் கலக்கும் பாலோடு சரி. பால் உள்ளே போனதும் வயிறு மத்தளம். காலையில் கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடக்கவே எனக்கு நேரம் சரியாக இருந்தது. அவளோ, நீங்க படுங்க மாமா, கடையை நான் பாத்துக்கறேன் என்று சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். யாருக்கு லாபமோ அவரை முதலில் பார் என்பது என் வியாபாரம் எனக்குக் கற்றுத் தந்தது.

அதனால் சோதித்தேன். வாசலில் யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி அவளை அனுப்பிவிட்டு, அவள் குடிக்க வைத்திருந்த பால் டம்ளரையும் என் டம்ளரையும் மாற்றி வைத்தேன். வந்து உட்கார்ந்து, என் பாலைக் குடித்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் பாலைக் குடித்த எனக்கு அதே மத்தளம். ஆக, இரண்டிலும் எதையோ கலந்துவிட்டு, தான் மட்டும் மாற்று மருந்து சாப்பிடுகிறாள் என்று முடிவு கட்டினேன். அந்தச் சூட்டில்தான் உனக்கு எழுதினேன்.

பிறகு டாக்டரம்மாவிடம் போனேன். மருமகளுக்குத் தெரியாத டாக்டராகப் பார்த்து, இரண்டு தெரு தள்ளிப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தம்மா சிரித்தாள். பாலில் ஒரு சர்க்கரை இருக்கிறதாம். அதை இரண்டாக வெட்டினால்தான் குடல் உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். வெட்டுகிற கத்தரிக்குப் பெயர் நொதி. வெட்டாமல் விட்டால் அது கீழே பெருங்குடலுக்குப் போய், அங்கே குடியிருக்கும் கிருமிகளுக்கு விருந்தாகி, வாயுவாகிப் பொங்குமாம். ஒரு கத்தரி ஆயிரம் தடவை வெட்டினாலும் தேயாது என்றாள்.

நான் விடுவேனா? தேயாத கத்தரி காணாமல் போனால், எடுத்தது யார் என்று கேட்டேன். யாரும் எடுக்கவில்லையாம். ஒரு கத்தரி பல தடவை வெட்டும், ஆனால் காலத்துக்கும் இருக்காதாம். பழையதை உடம்பு கழித்துவிட்டுப் புதிது செய்துகொண்டே இருக்குமாம். பால்குடிக் குழந்தைக்கு நிறையச் செய்யும். வளர்ந்த பிறகு பலருக்கு அந்தப் பட்டறை வேலையைக் குறைத்துக்கொள்ளும், சிலருக்குக் குறையாது. உங்க மருமகளுக்கு ஓடுது, உங்களுக்கு ஓடலை, அவ்வளவுதான் என்றாள். நம்பவில்லை என்று என் முகமே சொல்லியிருக்கும். ஒரு ரொட்டித் துண்டைக் கொடுத்து மெல்லச் சொன்னாள். மென்றுகொண்டே இருந்ததில் இனித்தது. சர்க்கரை தடவிய ரொட்டியோ என்று, வீட்டுக்கு வரும் வழியில் நானே வேறு ரொட்டி வாங்கி மென்றேன். அதுவும் இனித்தது. எச்சிலில் உள்ள வேறொரு நொதி மாவை வெட்டிச் சர்க்கரையாக்குவதால் வரும் இனிப்பாம் அது, டாக்டரம்மா சொன்னது.

பால் நொதியையே மாத்திரையாக விற்கிறார்கள். வாங்கி ஒளித்து வைத்தேன். பெட்டி கட்டியவள் பாலை மட்டும் நிறுத்தவில்லை. போகிறவளுக்கு எதற்கு இவ்வளவு அக்கறை என்று அதற்கும் ஒரு சந்தேகம். அவள் பார்க்காதபோது மாத்திரையைப் போட்டுக்கொண்டு குடித்தேன். வயிறு ஊமையாகிவிட்டது. மாத்திரை போடாத நாளில் திரும்பவும் மத்தளம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு நொதி ஒரு பொருளைத்தான் வெட்டும், மற்றதைத் தொடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். மருமகள் வேறு எதையாவது கலந்திருந்தால் இந்த மாத்திரை அதை என்ன செய்திருக்கும்? ஒன்றும் செய்திருக்காது. ஆக, அந்த டம்ளரில் பாலைத் தவிர எதுவும் இருக்கவில்லை.

மாத்திரையை அவளிடம் காட்டி, நொதி, கத்தரி, பட்டறை எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"டம்ளரை நீங்க மாத்தி வச்சதைப் பாத்தேன் மாமா. பாத்துட்டுத்தான் குடிச்சேன். ஒரு வார்த்தை என்கிட்டயே கேட்டிருக்கலாம்ல?"

விற்ற சரக்கைத் திரும்ப எடுப்பதில்லை என்று கடையில் பலகை மாட்டியவன் நான். சொன்ன சொல்லை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியவில்லை. நான் படுத்திருந்த நாட்களில் கடை எப்படி நடந்தது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் துருவித் துருவி விசாரித்தேன். ஒரு குறையும் சிக்கவில்லை. உன் மருமக இருந்தப்ப கடையில சிரிப்புச் சத்தம் கேட்டுச்சுய்யா என்றார்.

அதனால் இதைப் படித்ததும் அவளுக்கு எழுது. எனக்கு அப்புறம் எழுதலாம், அவளுக்கு முதலில் எழுது. அப்பா சொல்லித்தான் எழுதினாய் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தாலும் பரவாயில்லை. அவள் அண்ணன் வந்தால், சாப்பிட்டு இரண்டு நாள் தங்கிப் போகச் சொல்லி எப்படியாவது பிடித்து வைக்கிறேன். அதற்கு மேல் பிடித்து வைக்க எனக்கு வழி தெரியவில்லை.

நீங்கள் இருவரும் நன்றாக இருங்கள். இந்த வீட்டிலேயே இருங்கள்.

அப்பா