வாழை கட்டின கேற்று

நீ போனை வைச்சிட்டாயெண்டதுக்காக நான் சொல்ல வந்தது முடிஞ்சுபோச்செண்டு நினையாதை மகன் கோபி, கனகரத்தினம் அண்ணை வெள்ளிக்கிழமை கனடா வாறார், அவரிட்டைக் குடுத்துவிடுறன், கடிதத்தை நீ கட் பண்ணேலாது. நானும் சித்தப்பாவும் உரும்பிராயிலை பிள்ளையார் விட்ட வழியிலை இருக்கிறம், நீ, மருமகள், சின்னவள் மூண்டு பேரும் அங்கை நோய்நொடி இல்லாமல் இருக்கவேணுமெண்டு காலமை விளக்குக் கொளுத்தேக்கை கேக்கிறனான். ஆடியிலை வருவம், நீச்சல் தடாகத்துக்குத் தண்ணி நிரப்பி வையுங்கோ சின்னம்மா எண்டு கேட்டாய், உனக்கு நாக்குக் கூசேல்லையோ? அந்தப் பிள்ளை அதுக்கை விழுந்து செத்து இன்னும் நாப்பது நாள் ஆகேல்லை. நீயும் மருமகளும் சின்னவளை என்னட்டை விட்டிட்டு அண்டைக்குக் கொழும்புக்குப் போட்டியள். முன்வீட்டு நிரோஜினி எங்கடை குசினியிலை சட்டி கழுவிக்கொண்டு நிண்டவள், அவளின்ரை மூண்டு வயசு லவீனா முத்தத்திலை நிண்டது, ஒரு சட்டி கழுவுற நேரம், அவ்வளவுதான். தாய்தானே பாத்திருக்கவேணும் எண்டு போனிலை சொன்னாய். அந்த வாயாலை இனித் தேவாரம் பாடாதை. தடாகத்து வேலிக் கேற்றைத் திறந்து கட்டினது தாயில்லை, நான். புதுவீட்டுக் குடிபூரலுக்கு வாசலெண்டு இருந்தால் வாழை கட்டவேணுமெண்டு ஒத்தைக்காலிலை நிண்டது நான், தன்பாட்டிலை மூடுற கேற்று வாழைக்குலையிலை அடிக்குதெண்டு கயித்தாலை இழுத்துத் தூணோடை கட்டினது நான், தடாகம் கட்டின பெடியன் டினேஸ் என்னட்டை, அன்ரி, உதை அவிழுங்கோ, உது திறந்து நிக்கக்கூடாது எண்டு ரெண்டு தரம் சொல்ல, எட்டு நாளுக்குள்ளை மங்கலத்திலை கைவையாதை எண்டு கலைச்சதும் நான். நீ பக்கத்திலை நிண்டு சிரிச்சாய். கனடாவிலை கேற்று மூடாட்டி நகரசபை விடாது, இஞ்சை உரும்பிராய்தானே எண்டாய். உரும்பிராய்ப் பிள்ளையளுக்கு மூச்சு வேறையோ?

தண்ணியை மோட்டர் போட்டு இறைச்சு விட்டிட்டன். இனித் தண்ணி வேணுமெண்டால் நாலு பக்கமும் வேலி, வீட்டுப் பின்கதவுப் பக்கமும் சேர்த்துத்தான், கேற்று வெளிப்பக்கமாய்த் திறக்கவேணும், கொளுக்கி பெரியாக்களுக்கு மட்டும் எட்டவேணும், வேலியோடை கதிரை பூச்சாடி ஒண்டும் வைக்கப்படாது, பிள்ளையள் ஏறிப்போடுங்கள். பிள்ளையள் தண்ணிக்கை நிக்கேக்கை நீந்தத் தெரிஞ்ச ஒராள் போனை உள்ளை வைச்சிட்டு அதுகளையே பாத்துக்கொண்டு நிக்கவேணும். டினேஸ் வந்து பாத்து ஓமெண்டால்தான் தண்ணி, இல்லாட்டி மண் கொட்டிக் கத்தரி நடுவன், கட்டினது உன்ரை காசு, காணி என்ரை பேரிலை. அந்தக் கேற்றிலை இனி ஒரு தோரணமும் கட்டன், சாமி கோவிச்சால் என்னோடை கோவிக்கட்டும். நிரோஜினி எங்கடை பக்கம் திரும்பியும் பாக்கிறாளில்லை, நான் கொண்டுபோற பால் அவளின்ரை வேலிப் படலையடியிலை வைச்சபடி புளிச்சுக் கிடக்குது. நீ வந்தால் வீட்டுக்குள்ளை பெட்டி வைக்க முதல் அந்தப் படலையிலை போய் நில்லு, ஏசினால் வாய் திறவாமல் கேள்.

சின்னவளை அங்கை நீச்சல் பழக விடுங்கோ, பழகிப்போட்டாளெண்டு தனிய விடாதையுங்கோ. பிள்ளையார் உங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார், நீயும் ஆருக்கும் குறை வையாதை.

பெறாமல் வளர்த்த சின்னம்மா,
குணலட்சுமி

மடிக்கேக்கைதான் ஞாபகம் வருது. லவீனா அண்டைக்குப் போட்டிருந்தது எங்கடை சின்னவளின்ரை மஞ்சள் சட்டை, மருமகள் குடுத்தது. தண்ணியிலை குப்புறக் கிடந்ததை எங்கடை பிள்ளையெண்டுதான் நான் குதிச்சுத் தூக்கினனான், முகத்தைத் திருப்பிப் பாத்திட்டு அப்பனே பிள்ளையாரே உனக்குக் கோடி கும்பிடு எண்டு சொன்னனான், நிரோஜினி எனக்குப் பின்னாலை நிண்டவள்.