அப்பாவுக்கும் ஐந்துக்கு இரண்டு

பிப்ரவரி 11, 1987

மதிப்பிற்குரிய அக்லாயா விக்தோரொவ்னா அவர்களுக்கு,

ஏழாம் வகுப்பு தாயாவின் அப்பா எழுதுகிறேன். கொதிகலன் கூடத்தில் கரி அள்ளிப் போடுகிறவன். நானும் ஏழாவதோடு நின்றவன்தான், எழுத்து முன்னே பின்னே இருக்கும். என் மகளின் ருஷ்ய மொழி சொல்வதெழுதுதல் தாளை, இருபத்து மூன்று சிவப்புக் கோடுகளோடு, தாழ்வாரச் சுவரில் ஒட்டிவிட்டீர்களாம். மூன்று நாளாகப் பள்ளிக்கு வர மாட்டேன் என்கிறாள். "சாப்பாட்டுக்கூடம் போற வழிப்பா அது. நாலாங்கிளாஸ் பொடிசுங்ககூட நின்னு படிச்சுச் சிரிக்குதுங்க" என்று அழுகிறாள். பிழையைத் திருத்துங்கள், அது உங்கள் வேலை. தாளை மட்டும் எடுத்துவிடுங்கள்.

தங்கள் பணிவுள்ள
ரொதியோன் பகோமவ்

பிப்ரவரி 13

ரொதியோன் சவேலியெவிச்,

உங்கள் கடிதத்தைத் திருத்தித் திருப்பி அனுப்பியுள்ளேன். பத்தொன்பது பிழைகள். ஐந்துக்கு இரண்டு. பெண் யாரைப் போல என்று இனி நான் யோசிக்க வேண்டியதில்லை. அவள் வந்து பிழைதிருத்தம் எழுதிக் காட்டும்வரை தாள் சுவரில்தான் இருக்கும். வராவிட்டால் அடுத்த வருடமும் இதே வகுப்புதான்.

அ. ருத்னேவா

பிப்ரவரி 16

அக்லாயா விக்தோரொவ்னா,

'மதிப்பிற்குரிய' என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டிருந்தீர்கள். இந்த முறை அதை விட்டுவிட்டேன்.

நீங்கள் திருத்திய கடிதத்தைக் கொதிகலன் கூடத்தில் எல்லோருக்கும் காட்டினேன். "ரோத்யா, நாப்பத்தோரு வயசுல ஃபெயிலா? உங்கம்மாவைக் கூட்டிட்டு வரச் சொல்லலையா?" என்றான் என்னோடு கரி அள்ளும் யெகோர். சிரித்து முடித்ததும்தான் யோசனை வந்தது. சனிக்கிழமை கைக்கரியைக் கழுவிவிட்டுப் பள்ளிக்கு வந்து, மகளின் தாளுக்குப் பக்கத்தில் என் கடிதத்தையும் ஒட்டினேன். இடைவேளையில் கூட்டம் முழுக்க என்னைப் பார்த்துத்தான் சிரித்தது. மறுநாள் தாயாவைக் கூட்டிவந்து, சாத்திய பள்ளியின் தாழ்வார ஜன்னல் வழியே காட்டினேன்.

"உனக்கு நாலு பிழை கம்மிப்பா!"

"அனுபவம்டி."

ஒரு வாரத்துக்கப்புறம் சிரித்தாள். இன்று பள்ளிக்கு வந்துவிட்டாள், பார்த்திருப்பீர்கள். எடுத்தால் இரண்டு தாளையும் எடுங்கள். புதன்கிழமை ஆய்வாளர் வருகிறாராம். அவரும் படிக்கட்டும்.

ரொதியோன்

பிப்ரவரி 17

ரொதியோன் சவேலியெவிச்,

இரண்டு தாள்களும் அகற்றப்பட்டன. ஆய்வாளர் வருகைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இனி எதுவானாலும் தலைமை ஆசிரியருக்கு எழுதவும்.

அ. ருத்னேவா

பிப்ரவரி 19

அக்லாயா விக்தோரொவ்னா,

உங்கள் கடிதத்தைத் தாயா சிவப்புப் பென்சிலோடு மூன்று முறை படித்தாள். ஒரு பிழைகூட இல்லை. ஆனாலும் ஐந்துக்கு இரண்டுதான் போட்டாள்.

"ஏன்டி?" என்றேன்.

"ஒரு வரி விட்டுப்போச்சுப்பா. மன்னிப்பே கேக்கலையே."

பிழைதிருத்தம் எழுதித் திங்கட்கிழமைக்குள் அனுப்பவும். அதுவரை உங்கள் கடிதம் கொதிகலன் கூடக் கதவில் ஒட்டியிருக்கும். பயப்படாதீர்கள், இங்கே யாருக்கும் சரியாகப் படிக்க வராது.

ரொதியோன் பகோமவ்
(ஐந்துக்கு இரண்டு)