கிரஹாமுக்கு ஒரு வள்ளம்

1 நவம்பர் 1997, சனி

காலையிலிருந்து மழை. புல் வெட்ட முடியவில்லை. நல்லது.

மகள் அபி தன் ஃபிளாட்டிலிருந்து போன் எடுத்தாள். அவளுடைய சிநேகிதன் மார்க்கின் தகப்பன் ஆற்றில் மீன் பிடிக்க ஒரு வள்ளம் வாங்கப் பார்க்கிறாராம். பெயர் கிரஹாம். கூடப் போக ஆள் வேண்டுமாம்.

"அதுக்கு நான் ஏன் பிள்ளை?"

"நீங்கள் ஐலண்டிலை இருந்து வந்தனீங்கள் தானே, அப்பா."

நான் கோண்டாவில். அங்கே தண்ணீர் என்றால் கிணறு தான். வள்ளத்தில் ஏறியது ஒரே ஒரு தரம், நயினாதீவுக்கு. போகும்போதும் சத்தி எடுத்தேன், வரும்போதும் எடுத்தேன். நீச்சல் தெரியாது.

என் மனிசி சிரிப்பாள் என்று நினைத்துச் சொன்னேன். "போயிட்டு வாங்கோவன். ஒரு மனிசருக்கு உதவி தானே." உடனே என் நீலச் சேட்டை எடுத்து அயர்ன் பண்ணினாள். நான் கேட்கவேயில்லை.

2 நவ., ஞாயிறு

மழை இல்லை. காற்று.

கிரஹாம்: பல் வைத்தியர். நெடுவல் ஆள். நாள் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லிப் பழக்கம், தான் திறப்பதில்லை. மனைவி காலமாகிவிட்டார். கூட மீன் பிடித்த நண்பர் பிரிஸ்பேனுக்குக் குடிபோய்விட்டார், வள்ளத்தையும் கொண்டு. காரில் கிடைத்த செய்தி இவ்வளவு தான்.

ஒடாஹுஹுவில் ஒரு வீட்டுப் பின்வளவு. பலகை வள்ளம். இந்த வகைக்கு ட்ரிஃப்ட் போட் என்று பெயராம். மோட்டார் இல்லை. ஆறு கொண்டு போகும், நாம் துடுப்பால் திருப்பிக்கொண்டால் போதும். இரண்டு நுனியும் வாழைப்பழம் போல மேலே வளைந்திருக்கின்றன.

கிரஹாம் என்னைப் பார்த்தார். "என்ன நினைக்கிறீர்கள்?"

ஏதாவது செய்தாக வேண்டும். குனிந்து, விரலை மடக்கி, வத்தகப்பழம் வாங்கும்போது தட்டுவது போலத் தட்டினேன். "ம்ம்" என்றேன். கிரஹாமும் தட்டினார். தள்ளிப் போய் இன்னோர் இடத்திலும் தட்டினார். "ம்ம்." பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரன் முகம் சிவந்துவிட்டது.

திரும்பும்போது: "உங்களுக்கு நல்ல காது."

வீட்டில் மனிசி வள்ளத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. "ஆள் என்ன மாதிரி? குடிப்பாரோ? கோவக்காரரோ?"

5 நவ., புதன்

பகல் வெயில். இரவு தெருவெல்லாம் வாணவெடி, இங்கே வருடத்தில் இந்த ஒரு நாள் கொளுத்துவார்கள். ஒவ்வொரு வெடிக்கும் மனிசி கதவைப் பார்க்கிறாள். ஊர்ச் சண்டையை விட்டு வந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும். ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

மத்தியானம், நான் வேலை செய்கிற பென்ரோஸ் ஸ்டோர்ஸில், சாப்பாட்டு நேரம் வள்ளம் பற்றி ஒரு லைப்ரரிப் புத்தகம். அறிந்தவை: அடி தட்டை. துடுப்புப் போடுபவர் நடுவில், ஆறு போகும் பக்கம் பார்த்து. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் நின்று தூண்டில் வீசலாம். நின்று! ஓடுகிற ஆற்றில்!

குசினியில் மனிசி அபியோடு போனில், குரலைத் தாழ்த்தி: "இன்னும் அப்பாவுக்குச் சொல்லேல்லை. வள்ளம் முடியட்டும்."

படுத்தபின் விளங்கிவிட்டது. எனக்கு வருகிற தையில் அறுபது வயது. கிரஹாமுக்கு என்பது வெறும் சாட்டு. வள்ளம் எனக்குப் பிறந்தநாள் பரிசு! கைக்கடிகாரம் கொடுக்கலாம், ஸ்வெட்டர் கொடுக்கலாம். வள்ளமா?

முடிவு: இனி எந்த வள்ளமும் எனக்குப் பிடிக்காது.

8 நவ., சனி

முகில். விரி என்ற இடத்தில் ஒரு பெரிய கொட்டகை. அலுமினியம் ஒன்று, ஃபைபர் கிளாஸ் ஒன்று, இரண்டும் ட்ரெய்லரில்.

அலுமினியத்துக்குள் கார்ச் சாவியைப் போட்டேன். குசினியில் சட்டி விழுந்த சத்தம். "மீன் ஓடிவிடும்" என்றேன். கிரஹாம் நெடுநேரம் தலையாட்டினார்.

ஃபைபர் கிளாஸில் ஏறி இருந்து பார்ப்போம் என்றார். அவர் நடு ஆசனம், நான் முன்னால். என்ன குறை சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கிரஹாம் தானாகவே வாய் திறந்தார்.

"பின்னால் மார்க். உங்கள் பக்கத்தில் அபி. கல்யாணத்துக்குப் பிறகு நாலு பேரும் போகலாம், இல்லையா?"

சீமெந்துத் தரையில் நின்ற வள்ளத்தில் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தேன்.

"யாருடைய கல்யாணம்?"

அவர் முகம் வெளுத்தது. "ஐயோ. உங்களுக்குத் தெரியும் என்றார்களே. நீங்கள் அதிகம் பேசாத ஆள், அவ்வளவு தான் என்றார்களே."

வாய் ஓயாத என்னைப் பற்றியா! பல் வைத்தியர் அதையும் நம்பியிருக்கிறார்.

வீட்டில், மனிசி:

"உங்களுக்கு ஆளைப் பிடிக்கட்டும் எண்டு தான் அனுப்பினனாங்கள்."

"எனக்கு ஏன் அவரைப் பிடிக்கவேணும்? அவரையோ அவள் கட்டப்போறாள்?"

"தகப்பன் நல்லவர் எண்டால் பெடியனும் அப்பிடித் தானே எண்டு நினைப்பியள் எண்டு..."

"பெடியன் வெள்ளையன்."

"அது எனக்கும் தெரியும். கண் இருக்கு."

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. கோபம் வெள்ளையனில் இல்லை. என் பிள்ளைக்கு என்னோடு கதைக்கப் பயம். அது தெரியாமல் நான் வள்ளம் தட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

11 நவ., செவ்வாய்

தூறல். வீட்டில் பேச்சு இல்லை. கறியில் உப்புக் கூடிவிட்டது. சொல்லவில்லை.

கிரஹாம் போன் எடுத்தார். ஃபைபர் கிளாஸை ஞாயிறு ஆற்றில் விட்டுப் பார்க்கலாமாம், மார்க்கும் வருகிறானாம். "நீங்கள் வரத் தேவையில்லை. எனக்கு விளங்கும்."

வருகிறேன் என்றேன். ஏன் என்று தெரியாது.

16 நவ., ஞாயிறு

நல்ல வெயில். வைகாட்டோ ஆறு, அகலம். செம்மஞ்சள் லைஃப் ஜாக்கெட் எனக்கு. மார்க் "ஹலோ" சொன்னான், பிறகு தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முன்பு அபியோடு வீட்டுக்கு வந்தவன் தான். அப்போது ஒழுங்காகப் பார்க்கவில்லை.

ஏறினோம். கிரஹாம் துடுப்பில். வள்ளம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று. பிறகு ஆற்று நடுவில் மணல் திட்டில் ஏறி நின்றுவிட்டது.

ஒருவர் இறங்கித் தள்ள வேண்டும். கணுக்கால் அளவு தண்ணீர் தான். முன்னால் இருந்தவன் நான். இறங்கினேன். தள்ளினேன். எதிர்பார்த்ததை விட இலகு. வள்ளம் போய்விட்டது.

நான் போகவில்லை.

கிரஹாம் பின்னோக்கி வலிக்க, வள்ளம் முன்னோக்கிப் போனது. மார்க் குதித்தான். நெஞ்சளவு தண்ணீரில் நடந்து வந்து என் பக்கத்தில் நின்றான், நனைந்து, மூச்சு வாங்க. இருவரும் தூரத்தில் கிரஹாம் சுற்றுவதைப் பார்த்தோம். பிறகு அவன் தொண்டையைச் செருமினான். மனப்பாடம் செய்து வந்திருக்கிறான் என்று தெரிந்தது. தமிழில்:

"மாமா, சும்மா இருக்கிறீங்களோ?"

சுகமா என்று கேட்க அபி பழக்கியிருப்பாள். லைஃப் ஜாக்கெட்டோடு, வைகாட்டோ நடுவில், மணலில்.

"ஓம் தம்பி. சும்மா தான் நிக்கிறன்."

சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் பயந்துபோனான். ஆங்கிலத்தில் விளக்கினேன். அவன் காது சிவந்தது, பிறகு அவனும் சிரித்தான். என்னைக் கண்டு இவ்வளவு பயம் என்றால் ஏன் குதித்தாய் என்று கேட்டேன். "நீங்கள் தனியாக நின்றீர்கள்" என்றான்.

கிரஹாம் ஒருவழியாகக் கரையில் ஒதுங்கி, கயிற்றோடு வந்து எங்களை மீட்டார். கரையில் தேத்தண்ணி. நான் உண்மையைச் சொன்னேன்: எனக்கு வள்ளத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"எனக்கும்" என்றார். "எப்போதும் நண்பர் தான் துடுப்புப் போடுவார். நான் மீன் பிடிப்பேன்."

"அப்போ ஒடாஹுஹுவில் தட்டினீர்களே?"

"நீங்கள் தட்டினீர்கள். ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்தேன்."

அந்த மனிதனின் நல்ல வள்ளத்தை வீணாக வேண்டாம் என்றிருக்கிறோம்! இருவரும் தலையைக் குனிந்துகொண்டோம். இதையே வாங்கட்டுமா என்றார். வாங்குங்கள் என்றேன். மணலில் ஏறியும் அடியில் ஒரு கீறல் இல்லை. இது மட்டும் தட்டாமல், கண்ணால் பார்த்துச் சொன்னது.

17 நவ., திங்கள்

வெயில். முதுகெல்லாம் நோவு.

வேலை முடிந்து வந்தால் குசினி மேசையில் அபி. மனிசி புட்டு அவித்துக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமல்.

"அப்பா, கோபமோ?"

"சொல்லியிருக்கலாம்."

"பயமா இருந்தது."

"என்னைக் கண்டோ பயம்?"

"உங்களைக் கண்டு தான் பயம்."

சட்டியில் மூடி அசைகிற சத்தம். பிள்ளை மெலிந்திருக்கிறாள்.

"மார்க்கைப் பற்றி என்ன நினைக்கிறீங்கள், அப்பா?"

"தமிழ் பிழை."

"அப்பா, ப்ளீஸ். ஓமோ, இல்லையோ?"

"புட்டு ஆறுது. சாப்பிடு. அவனுக்கும் கட்டிக்கொண்டு போ."

மனிசி திரும்பிப் பார்த்தாள். அபி அழுதுகொண்டே சாப்பிட்டாள். இரண்டாம் தரமும் போட்டாள்.