மன்னவனூர்ச் சத்தியம்

1961 செப்டம்பர் 4

செண்பகனூர் பஸ்ஸில் நிற்க இடமில்லை. யாரோ பேரிக்காய்க் கூடையை என் கால்மேல் இறக்கிவிட்டார்கள். "கால்" என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. பழனி அடிவாரத்தில் ஜட்கா ஓட்டும் அப்பா சவாரி கூப்பிட்டால் தெருக்கோடி வரை கேட்கும். அந்தத் தொண்டை எனக்கு வரவில்லை. பி.ஏ. மட்டும் வந்தது.

ஆபீசில் சுவாமிநாதன் அறநிதியின் ஆண்டறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். காப்பித் தோட்டத்தை விற்ற பணத்தில் தொடங்கிய நிதி. அகிம்சை வழியில் நியாயம் கேட்பவர்களுக்கும், வக்கீல் வைக்க வகையில்லாமல் சிறையில் கிடப்பவர்களுக்கும் உதவுவது. இந்த வரியை எத்தனை முறை அடித்திருப்பேனோ, இன்றும் அடிக்கும்போது மனம் கொஞ்சம் நிமிர்ந்தது.

பாதியில் செய்தி வந்தது. மன்னவனூர்ப் பண்ணையார் சேனாதிபதியின் உருளைக்கிழங்குக் கொட்டகை எரிந்துவிட்டது. கூலி உயர்வு கேட்டு அவர் கிழங்குக் காட்டில் வேலைநிறுத்தம் நடக்கிறது. அவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவது நம் நிதி.

காரியதரிசி திருமலைச்சாமி ஐயா கதர்த் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "நம் கஞ்சியைக் குடித்தவனா நெருப்பு வைத்தான்?" என்றார். நாற்பத்திரண்டில் சிறை போனவர். அவர் கலங்கி நான் பார்த்ததில்லை.

1961 செப்டம்பர் 9

மன்னவனூர். பூம்பாறை வரை லாரி, பிறகு நடை.

கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. போலீஸ் வந்து அடித்து உண்மையை வாங்க வேண்டாம், நாமே கண்டுபிடிப்போம் என்றார் ஐயா. ஊர் வழக்கம் அவருக்கு வசதியாக இருந்தது. உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, "நான் வைக்கவில்லை" என்று சாமி முன் சொல்லி அணைக்க வேண்டும். வேலைநிறுத்தத்தில் இருந்த ஆண்கள் ஒவ்வொருவராக வந்து அணைத்தார்கள். தலைவர் தங்கமுத்து முதலில்.

நல்லுசாமி மட்டும் வரவில்லை. நல்ல உயரம், இருபத்தைந்து வயதிருக்கும்.

"சத்தியம் மட்டும் கேக்காதீங்க சாமி. வேற என்ன வேணாலும் கேளுங்க."

"ஏன்ப்பா?"

"கேக்காதீங்க."

சேனாதிபதியின் காவல்காரன் பின்னாலிருந்து கத்தினான்: "ஏலே, கை சுட்டிரும்னு பயமாக்கும்! கொட்டகைக்கு வைக்கையில சுடலியோ?" கூட்டத்தில் பாதி சிரித்தது. மீதிப் பாதி தரையைப் பார்த்தது.

ஐயா வேறொன்றும் கேட்கவில்லை. அவர் முகத்திலேயே தீர்ப்பு எழுதியிருந்தது.

1961 செப்டம்பர் 10

தங்கமுத்து வீட்டில் தங்கினோம். விடியும்போதே போலீஸ் வந்து நல்லுசாமியைக் கொண்டுபோய்விட்டது. அவனைக் கொட்டகைப் பக்கம் பார்த்ததாகக் காவல்காரன் சொல்லியிருக்கிறான்.

முகம் கழுவ ஓடைக்குப் போனேன். அவன் மனைவி பாப்பம்மாள் வெறும் குடத்தோடு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"ஆபீசம்மா, உங்க பெரியவரு அவுகளக் கள்ளன்னு நெனச்சிட்டாரு, இல்ல?"

குடத்தை வாங்கி ஓடையில் முக்கினேன்.

"எனக்கு மூணு மாசம் தாயி. இதுக்கு முன்ன ரெண்டு தங்கல. வயித்துல புள்ள கெடக்கையில புருசங்காரன் சத்தியம் பண்ணலாமா? கையில நெருப்ப அணைக்கலாமா? அதான் மாட்டேன்னுட்டாக."

"அங்கேயே சொல்லியிருக்கலாமே அக்கா."

"எப்பிடிச் சொல்ல? அஞ்சு மாசம் தாண்டாம வாயத் தொறக்கக்கூடாதுன்னுட்டா எங்க மாமியா. போன ரெண்டும் ஊருக்குத் தெரிஞ்சுதான் போச்சுங்குறா. நீங்களும் சொல்லிராதீங்க." என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை பனியில் விறைத்திருந்தது.

எங்கள் வீட்டிலும் உண்டு. அம்மா மாசமாக இருந்தால் அப்பா சவரம் செய்ய மாட்டார், எந்தச் சாவு வீட்டுக்கும் போக மாட்டார். தாடியோடு ஜட்கா ஓட்டுவார், தெருவே கேலி செய்யும். எனக்குப் புரிகிறது. திருமலைச்சாமி ஐயாவுக்குப் புரியாது. கல்யாணமே செய்துகொள்ளாதவர்.

1961 செப்டம்பர் 18

அறங்காவலர் கூட்டம், ஏரிக்கரை பங்களாவில். எல்லாம் இங்கிலீஷ். குறிப்பெடுப்பது என் வேலை.

சத்தியத்துக்கு அஞ்சியவனுக்கு நிதியின் பணத்தில் வக்கீல் வைத்தால், வன்முறைக்கு நாமே துணைபோனதாகும் என்றார் ஐயா. வருத்தத்தோடுதான் சொன்னார். வழக்கு மதுரை செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும், வக்கீல் இல்லாவிட்டால் ஏழெட்டு வருஷம் நிச்சயம் என்றார் ரிட்டயர்டு நீதிபதி ஒருவர். சட்டென்று என்னைப் பார்த்தார். "நீ ஏதோ சொல்ல வருகிறாயா?"

"நோ சார்."

வக்கீல் இல்லை என்று முடிவாயிற்று. அதையும் நானே எழுதிக்கொண்டேன்.

1961 செப்டம்பர் 19

நோ சார். நோ சார். நோ சார்.

1961 செப்டம்பர் 26

அட்டுவம்பட்டியில் நான் குடியிருப்பது அமீருன்னிசா அக்கா வீட்டில். அவர் புருஷன் பஜாரில் கம்பளிக் கடை வைத்திருக்கிறார். நான் இரண்டு நாளாகச் சோற்றைப் பிசைந்து வைப்பதைப் பார்த்துவிட்டு நேற்று அக்கா தட்டை இழுத்துக்கொண்டார்.

"ஏம்புள்ள, சோறு உனக்கு என்ன பாவம் செஞ்சுச்சு? சொல்லு. இல்லாட்டி நான் திங்கிறேன்."

பெயர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். அக்கா தட்டைத் தரையில் வைத்தார்.

"ரகசியத்தக் காத்தா அவன் உள்ள போவான். சொன்னா அவ மனசு போவும். ரெண்டுல எதத் தாங்குவ நீ?"

தெரியவில்லை. ஏழெட்டு வருஷம் என்றால் அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போய்விடும்.

இன்று ஐயாவிடம் சொல்லிவிட்டேன். ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டுதான் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவருக்குக் கேட்டது. கண்கள் கலங்கின. "எவ்வளவு பெரிய தவறு செய்ய இருந்தேன்! நானே சரி செய்கிறேன் அம்மா" என்றார்.

வரும்போது மனம் லேசாக இருந்தது.

1961 அக்டோபர் 2

ஐயா மன்னவனூர் போய்வந்துவிட்டார். காந்தி ஜயந்தி என்று ஊரையே கூட்டியிருக்கிறார். கூட்டி—

எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். நல்லுசாமி கோழையல்ல, அவன் மனைவி கருவுற்றிருக்கிறாள், அதனால்தான் சத்தியம் செய்யவில்லை, ஊர் அவனை மன்னிக்க வேண்டும் என்று. ஒலிபெருக்கி வைக்காததுதான் பாக்கி.

"உண்மையை மூடி வைக்கலாமா? திறந்து சொன்னதும் ஊரே உருகிவிட்டது" என்கிறார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. நிதியின் முடிவை மாற்ற அடுத்த கூட்டத்தில் கேட்கப்போகிறாராம்.

"அந்த அம்மாள் அங்கே இருந்தார்களா ஐயா?"

"இருந்தாள். முக்காட்டைப் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பாவம், வெட்கம்."

வெட்கமாம்.

1961 அக்டோபர் 7

ஐயா கேட்டதை அறங்காவலர்கள் ஏற்கவில்லை. காரணம் எதுவானாலும் அவன் சத்தியம் செய்யவில்லை என்பதுதானே நிற்கிறது, குழந்தை பிறக்கட்டும், பிறகு சத்தியம் செய்தால் பார்க்கலாம் என்று ஒத்திவைத்துவிட்டார்கள்.

1961 அக்டோபர் 23

மழை. மலைப்பாதை இரண்டு இடத்தில் சரிந்துவிட்டது.

தங்கமுத்து நனைந்துகொண்டே ஆபீசுக்கு வந்தார். வேலைநிறுத்தம் முடிந்ததாம். பழைய கூலிக்கே எல்லாரும் கிழங்கு தோண்டப் போய்விட்டார்களாம். போகும்போது வாசலில் நின்றார்.

"நல்லுசாமி வீட்டுக்காரிக்கு கலைஞ்சுபோச்சு தாயி. நாலு நாளாச்சு. பொழைச்சுக்கிட்டா."

1961 அக்டோபர் 29

பாதை திறந்ததும் போனேன். அவள் மாமியார் கதவில் நின்றாள்.

"எதுக்கு வந்த? ஊருக்குச் சொல்ல இன்னும் என்ன பாக்கி இருக்கு?"

உள்ளேயிருந்து பாப்பம்மாளின் குரல்: "விடுங்க அத்தே. மழையில நிக்காம போகச் சொல்லுங்க."

போனேன். கொண்டுபோன ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திரும்பவும் சுமந்துகொண்டு பூம்பாறை வரை நடந்தேன். நான் சொன்னதனால் கலையவில்லை. அப்படியெல்லாம் கலையாது. காலேஜில் சுகாதாரப் பாடம் படித்தவள் நான். எத்தனை தடவை சொல்லிக்கொள்வது?

1961 நவம்பர் 6

இதை எழுதாமல் விடப் பார்த்தேன்.

ஐயா கூப்பிட்டார். ஜுரத்தில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். செய்தி கேட்டு மிகவும் வருந்தியதாகச் சொன்னார். வருந்தினார், பொய்யில்லை. பிறகு, குரலைத் தாழ்த்தி:

"ஆனால் சுந்தரி, இப்போது தடை ஒன்றும் இல்லையே. அவன் சத்தியம் செய்யலாம். செய்தால் உடனே வக்கீல். அறங்காவலர்களும் ஒப்புக்கொண்டார்கள். மதுரைச் சிறைக்கு நீ போய் வா. உன் முன்னால் வாயால் சொன்னால் போதும்."

ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கி மரங்கள் மறைந்துவிட்டன. "சரி ஐயா" என்றேன். வேறென்ன சொல்லி எனக்குப் பழக்கம்?

1961 நவம்பர் 9

மதுரை. பஸ் இறங்கியதும் வெயில் முகத்தில் அறைந்தது.

இடையில் கம்பிவலை. நல்லுசாமிக்குச் சட்டை தொளதொளவென்று இருந்தது. அவன்தான் முதலில் கேட்டான்.

"அவளுக்கு ரொம்ப ரத்தமா தாயி?"

"இப்போது பரவாயில்லை. எழுந்து நடமாடுகிறார்கள்."

"ஆணா, பொண்ணா? ஏதும் சொன்னாகளா?"

தெரியாது என்றேன். அவன் வலையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றான். பக்கத்தில் வேறு யாரோ ஒரு கிழவி தன் மகனிடம் ஆடு விற்ற கதையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. 'உன் குழந்தைதான் இல்லையே, இப்போது சத்தியம் செய்' என்று கேட்க வேண்டும். எப்படித் திருப்பிப் போட்டாலும் அந்தக் கேள்வி அதுதான். மனதுக்குள் ஐந்தாறு விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்றான்.

"சும்மா பார்க்கத்தான்."

வார்டர் மணி அடித்தார்.

அவன்தான் வைத்தானா? எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

1961 நவம்பர் 11

ஐயா எழுந்து உட்கார்ந்திருந்தார். நீதிபதியும் பார்க்க வந்திருந்தார்.

"சொன்னானா?"

"சொன்னார் ஐயா."

"தெளிவாக?"

"சாமி சாட்சியாக நான் வைக்கவில்லை என்று சொன்னார். என் காதால் கேட்டேன்."

குரல் நடுங்கவே இல்லை. அறை முழுவதும் கேட்டது. நீதிபதி கூடத் தலையை நிமிர்த்திப் பார்த்தார். என் வாழ்க்கையில் பிறர் முன்னால் நான் சத்தமாகப் பேசியது இதுதான் முதல்முறை.

வக்கீலுக்கு இன்றே தந்தி போயிற்று.

1961 டிசம்பர் 25

லீவு. உறைபனியில் புல் வெள்ளையாகக் கிடக்கிறது. அக்கா கேட்டார், "இப்ப சோறு எறங்குதா?" இறங்குகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

1962 பிப்ரவரி 20

விடுதலை. காவல்காரன் சொன்ன இடத்திலிருந்து, அன்றைய மூடுபனியில், கொட்டகையே தெரிந்திருக்காது என்று வக்கீல் அவன் வாயாலேயே வரவழைத்துவிட்டாராம்.

நல்லுசாமியும் பாப்பம்மாளும் ஊருக்குத் திரும்பவில்லை. வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டதாகத் தங்கமுத்து சொன்னார். எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

1962 மார்ச் 12

அறங்காவலர் கூட்டத்தில் ஐயா அரை மணி நேரம் பேசினார். "வென்றது வக்கீல் அல்ல, சத்தியம்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். இனி வழக்கு உதவி கேட்டு வருகிற ஒவ்வொருவரும் முதலில் நம் ஆபீசில் சத்தியம் செய்ய வேண்டும், சாட்சி சண்முகசுந்தரி, என்று தீர்மானம். சம்பளமும் கூட்டியிருக்கிறார்கள்.

மறுத்துச் சொல்ல எழுந்தேன். சொன்னால் நவம்பரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால் இனி எந்த நல்லுசாமிக்கும் வக்கீல் இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

1962 மார்ச் 19

முதல் ஆள் இன்று வந்தாள். பூம்பாறை அன்னக்கொடி. மகன் மேல் திருட்டு வழக்கு. மடியில் கற்பூரப் பொட்டலத்தோடு வாசலிலேயே நின்றாள். உள்ளே ஐயா கணக்குப்பிள்ளையிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இங்கதான் சத்தியம் வாங்குறாகளாம்ல? எந்தக் கைய தாயி நீட்டணும்?"

விரல்களில் பூண்டு உரித்த வெடிப்புகள்.

கதவைச் சாத்தினேன். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"கையை மடக்கிக்கொள்ளுங்கம்மா. நீங்கள் சத்தியம் பண்ணியாச்சு" என்றேன்.