மூன்று தெர்மாமீட்டரும் பழுது

இன்று காலையில் மகளுக்குப் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். பாதியாக ஒடித்த சவர பிளேடு, சீவலிலிருந்து எழும்பும் ஈர மரத்தின் வாசனை. சீவி முடித்த பிறகும் பிளேடைக் கீழே வைக்காமல் விரலிடுக்கில் பிடித்தபடி நின்றேன். தாளை பிளேடால் சுரண்டும்போது ஒரு சத்தம் வரும், பூனை எங்கோ கதவைப் பிறாண்டுவதைப் போல. உன் நோட்டை நான் சுரண்டியபோது நீ பக்கத்தில் இல்லை. அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீ போய் எட்டு மாதமாகிறது. பண்ணைக்காட்டிலிருந்து செய்தி வந்த அன்று என் மகள் அம்மை கண்டு படுத்திருந்தாள். வாசலில் வேப்பிலை கட்டிய வீட்டை விட்டு எங்கும் போகக்கூடாது என்றார்கள். மஞ்சள்காமாலை ஓர் ஆளை இத்தனை சீக்கிரத்தில் கொண்டுபோய்விடுமா என்று கேட்கக்கூட யாரும் அருகில் இல்லை. உன் வீட்டாருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அதனால் உனக்கே எழுதுகிறேன். தாமதம்தான். நம் இருவரில் எதற்கும் பிந்தி வருகிறவள் நான்தானே.

பள்ளியின் கடைசி வருஷமான ஆறாம் பாரத்தில் நமக்கு ஒரே பெஞ்சு. மலைமேல் இருந்த நம் பள்ளிக்கு நான் நாயுடுபுரத்திலிருந்து நடந்து வருவேன். நீ கவுஞ்சியிலிருந்து வந்து ஹாஸ்டலில் இருந்தாய். உன் தகரப் பெட்டியைத் திறந்தால் வெள்ளைப்பூண்டு வாசனை அறை முழுக்கப் பரவும். காலேஜுக்குப் போகிற பிள்ளைகள் ஒரு பக்கம், வேலைக்குப் போகிற பிள்ளைகள் ஒரு பக்கம் என்று நாலாம் பாரத்திலேயே நம்மைப் பிரித்துவிட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்துக்குத் தட்டச்சும் தையலும். இந்தப் பக்கத்துக்குக் கணக்கும் விஞ்ஞானமும். உன்னை எந்தப் பக்கம் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டபோது, "காலேஜுக்குப் போயிட்டு வேலைக்குப் போறவுங்களுக்கு எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டாய். வகுப்பே சிரித்தது. நீ சிரிப்புக்காகக் கேட்கவில்லை. உனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது.

சயின்ஸ் டீச்சரை நினைவிருக்கிறதா? தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து, ஒரு ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, சாக்பீஸ் பிடிக்கிற விரலில்கூட நடுக்கத்தோடு நிற்பாரே. சென்னையிலிருந்து வந்த பாடத்திட்டப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி அடிக்கடி சொல்வார்: "தஞ்சாவூர்ப் பிள்ளைக்கும் இதுதான், ராமநாதபுரத்துப் பிள்ளைக்கும் இதுதான், ஒங்களுக்கும் இதுதான். ராஜ்யம் முழுக்க ஒரே பாடம், ஒரே கேள்வித்தாள்."

அது எனக்கு ஆறுதலாக இருந்தது. எங்கேயோ ஒரு தஞ்சாவூர்ப் பெண் இதே நாளில் இதே பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள், நான் ஒன்றும் மலையில் ஒதுங்கிக் கிடக்கவில்லை என்று. நீயோ என் காதில், "ஏ புள்ள, அவளுக்கும் இப்படிக் கை வெறைக்குமா?" என்றாய்.

விஞ்ஞான ரெக்கார்டு நோட்டு எழுதுவதில் நம் பள்ளிக்கு ஒரு வழக்கம் இருந்தது. சோதனை செய்வதற்கு முந்தின நாளே, போன வருஷத்து அக்கா யாரிடமாவது நோட்டை இரவல் வாங்கி, முடிவு வரைக்கும் அழகாகக் காப்பி எடுத்துவிடுவோம். அப்புறம் லேபில் அடுப்பைப் பற்றவைப்பது வெறும் சடங்கு. அந்த அக்காவும் அதற்கு முந்தின அக்காவைப் பார்த்து எழுதியவள். நம் பள்ளியில் தண்ணீர் எத்தனையோ வருஷமாக யாரும் பார்க்காமலே 212 டிகிரி ஃபாரன்ஹீட்டில் கொதித்துக்கொண்டிருந்தது.

நீ மட்டும் பக்கத்தைக் காலியாக விட்டு வந்தாய். பீக்கரில் தண்ணீர் தளதளவென்று கொதிக்க, தெர்மாமீட்டரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, "நூத்தித் தொண்ணூத்தொம்போது" என்றாய்.

"இன்னும் கொதிக்கல போல," என்றேன்.

"கொதிக்குதுடி. ஆவி ஓம் மூஞ்சில அடிக்குதுல்ல? இன்னும் எப்படிக் கொதிக்கும், எந்திரிச்சு ஆடுமா?"

பத்து நிமிஷம் நின்றோம். பாதித் தண்ணீர் ஆவியாகிப் போயிற்று. பாதரசம் 199-ஐ விட்டு அசையவில்லை. நீ அந்த எண்ணை எழுதினாய். நான் முந்தின நாளே எழுதி வைத்திருந்த 212-ஐக் கையால் மறைத்துக்கொண்டேன்.

டீச்சர் பார்த்தார். "தெர்மாமீட்டர் பழுது," என்றார். அலமாரியிலிருந்து இரண்டாவதை எடுத்துக் கொடுத்தார். 199. மதுரையிலிருந்து புதிதாக வந்து, பஞ்சுகூடப் பிரிக்காமல் இருந்த மூன்றாவதை நீயே பிரித்தாய். 199.

"மூணுமா டீச்சர் பழுதாகும்?"

டீச்சர் அலமாரியைச் சாத்தினார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எனக்குத் தெரியும்டி. ஒசரம் போகப் போகக் காத்து லேசாயிடும், சீக்கிரமே கொதிச்சிடும். அது காலேஜ்ல வரும். நம்ம பாடத்துல இல்ல," என்றார்.

உன் முகத்தில் அப்போது வந்த வெளிச்சம்! "அதான் டீச்சர் எங்க வீட்ல பருப்பு வேகவே மாட்டேங்குது! எங்கம்மா வத்தலக்குண்டுல சொந்தக்காரவுக வீட்டுக்குப் போனா, இங்கன மாதிரியே நேரம் விட்டுப் பருப்பக் கூழாக்கி வசவு வாங்கிட்டு வரும். பருப்பு மேலதான் கொறன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு!"

"சரி, இருக்கட்டும். இப்ப 212-ன்னு மாத்து. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா அடுத்த வாரம் வந்து ரெக்கார்டப் பாப்பாங்க. மாத்தாம நான் கையெழுத்துப் போட முடியாது. கையெழுத்து இல்லன்னா பரிட்சைக்குப் பேர் போகாது."

"காலேஜ்ல உள்ள நெசம் இங்க வரப்படாதா டீச்சர்?"

"காலேஜுக்குப் போகணும்னா இப்ப இத எழுதுன்னுதான் சொல்றேன். திருத்துறவங்க திருச்சிலயோ எங்கயோ உக்காந்திருப்பாங்க. அவங்க அடுப்பு அவங்களுக்கு."

நீ நோட்டை மூடிக்கொண்டாய். மாற்றவில்லை. அடுத்த நாளும் மாற்றவில்லை. நான் கெஞ்சினேன். உன் அப்பா சொல்லி அனுப்பியது எனக்குத் தெரியும்: பரீட்சை ஒரே ஒரு தடவைதான், தவறினால் கிழங்குக் காட்டுக்கு வந்துவிட வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் கல்லூரிப் படிப்புக்குத் தகுதி என்று விழாவிட்டால் உனக்கு அதற்கப்புறம் ஒன்றுமில்லை. நீ இல்லாமல் மதுரைக்குப் போவதை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. அதுவும் காரணம்தான், இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இன்ஸ்பெக்ட்ரஸ் வருவதற்கு முந்தின நாள், நீ சாப்பிடப் போயிருந்தபோது, உன் நோட்டைத் திறந்து பென்சில் டப்பாவிலிருந்த அரை பிளேடால் மூன்று இலக்கங்களையும் சுரண்டினேன். நகத்தால் தேய்த்துத் தாளை மழுப்பினேன். 212 என்று எழுதினேன். நோட்டுக் கட்டோடு சேர்த்து டீச்சரின் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். கையெழுத்து விழுந்தது. டீச்சர் கவனித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நோட்டுகள் திரும்பி வந்த அன்று, நீ அந்தப் பக்கத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாய். சுரண்டிய இடத்தில் வெளிச்சம் மூன்று பொட்டாகத் தெரிந்தது.

"இது ஓம் மை. நீதான் கத்தரிப்பூக் கலர்ல எழுதுவ."

நான் மை படிந்த விரலை மடக்கிக்கொண்டேன்.

"நான் பாத்தத நீ எப்படிடி அழிப்ப?" என்றாய். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். தெரியாத ஒன்றைக் கேட்பதைப் போல அல்லவா கேட்டாய். அதன் பிறகு பரீட்சை வரைக்கும் பேசவில்லை. ஒரே பெஞ்சில், முழங்கை இடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தோம்.

பொதுப் பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. நீரின் கொதிநிலை என்ன? ஒரு வரி விடை. நான் எழுதிவிட்டு உன் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நீ பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இருவருக்கும் தகுதி விழுந்தது. பள்ளியிலிருந்து விடைபெறப் போனபோது டீச்சர் உன்னை லேபுக்குள் கூப்பிட்டு, பஞ்சில் சுற்றிய ஒரு தெர்மாமீட்டரைக் கையில் வைத்தார். "மூணும் பழுதுன்னு பதிவேட்டுல எழுதியாச்சு. ஒன்ன நீ வெச்சுக்க," என்றார். சொல்லிவிட்டு ஏன் அப்படிச் சிரித்தார்?

மதுரைக்குக் காலேஜில் சேரப் போன பஸ்ஸில்தான் நீ மறுபடி என்னோடு பேசினாய். பண்ணைக்காட்டுப் பிரிவில் டீக்கு நிறுத்தினார்கள். நீ இறங்கி நேரே பாய்லரிடம் போனாய்.

"அண்ணே, இத ஒரு நிமிசம் கொதிக்கிற தண்ணிக்குள்ள விட்டுக்கிறட்டுமா?"

கடைக்கார பாய் கண்ணாடிக் குழாயைப் பார்த்துப் பயந்துபோனார். "என்னம்மா இது, காச்சக் குச்சியா? தண்ணிக்குக் காச்சலான்னு பாக்கப் போறியா? ஏவாரம் நடக்குற எடம்மா, சொல்லிப்புட்டேன்."

"ஒங்க தண்ணி எத்தனையில கொதிக்குதுன்னு பாக்கணும்ணே."

"அது பாட்டுக்குக் கொதிக்குது. முப்பது வருசமா யாரும் ஏன்னு கேக்கல." ஆனாலும் மூடியைத் திறந்துவிட்டு அவரும் குனிந்து பார்த்தார். கண்டக்டர் விசிலடித்துக்கொண்டே இருந்தார். நீ "எறநூத்தி நாலு!" என்று கத்தினாய். பாய், "அது நல்லதா கெட்டதாம்மா?" என்றார் கவலையோடு.

வத்தலக்குண்டில் 210. மதுரை ஹாஸ்டல் சமையலறையில் 211. ஒவ்வொன்றையும் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதி, டிக்கெட்டை என் முகத்துக்கு நேரே ஆட்டினாய். "பாத்தியா, பொஸ்தகம் பொய் சொல்லல. கீழ இருக்கிறவுக எழுதிருக்காக. நம்மள யாரும் வந்து கேக்கல, அம்புட்டுத்தான்." அப்போதே உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நீ சிரித்துவிட்டாய் என்பதாலேயே விட்டுவிட்டேன். அந்தப் பரீட்சையில் என்ன எழுதினாய் என்று மட்டும் கேட்டேன். "அது எனக்கும் திருத்துனவருக்கும் உள்ள சோலி. ஒனக்கென்ன?" என்றாய். எத்தனையோ தடவை கேட்டும் கடைசிவரை சொல்லவில்லை. 212 எழுதினாயா? 199 எழுதினாயா? இரண்டையும் எழுதி, எந்த ஊர் என்று பக்கத்தில் போட்டாயா? அந்தத் தாளைத் திருத்திய யாரோ ஒருவர், ஒரு நிமிஷமாவது சிவப்புப் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி யோசித்திருப்பாரா?

பிறகு நான் சரித்திரம் படித்தேன், கல்யாணமாகி நாயுடுபுரத்துக்கே திரும்பினேன். நீ பண்ணைக்காட்டில் சயின்ஸ் டீச்சரானாய். உன் லேபைப் பார்க்க ஒரு தடவை வந்தேன். கரும்பலகைக்கு மேலே, சுண்ணாம்புச் சுவரில் கொட்டை எழுத்தில் "நம்ம ஊரில் 204" என்று எழுதி வைத்திருந்தாய். கீழே ஆணியில் அந்தப் பழுதான தெர்மாமீட்டர். ஒவ்வொரு பிள்ளையும் கொதிக்கவைத்துப் பார்த்த பிறகுதான் நோட்டைத் திறக்கலாம். இரண்டு எண்ணையும் எழுத வேண்டும், பரீட்சைக்கு எது, நமக்கு எது என்று. வருஷா வருஷம் பாடத்திட்டக் குழுவுக்கு நீ எழுதியதும் எனக்குத் தெரியும். ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னாய், உயரம் கூடினால் கொதிநிலை குறையும் என்று. உன் கடைசிக் கடிதம் இந்த மேஜையிலேயே இருக்கிறது: "புதுப் பாடப் புத்தகம் வந்துருச்சு. என் கடுதாசிக்குப் பலன் கெடச்சிருச்சுடி. 212-ஐ மாத்திட்டாங்க. செண்டிகிரேடுல 100-ன்னு போட்டுட்டாங்க!" அதைப் படித்து நான் சத்தமாகச் சிரித்தபோது நீ உயிரோடு இருந்தாய்.

இன்று காலைக்கு வருகிறேன். மகள் இரண்டாம் வகுப்பு. வீட்டுப் பாடத்தில் ஒரு கேள்வி: கோடைக் காலத்தில் நாம் என்ன ஆடை அணிகிறோம்? புத்தகத்தில் விடை தெளிவாக இருக்கிறது, மெல்லிய பருத்தி ஆடை என்று. அவள் கொட்டை கொட்டையாக "ஸ்வெட்டர்" என்று எழுதி வைத்திருந்தாள்.

உனக்குத்தான் தெரியுமே, இவள் தும்மினாலே எனக்கு அன்றைய தூக்கம் போச்சு. வகுப்பில் இவளை மந்தம் என்று நினைத்துவிட்டால்? இப்போதே தப்பு விழ ஆரம்பித்தால், நாளைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று பிரிக்கும்போது எங்கே போய் நிற்பாள்? ரப்பரைக் கையில் எடுத்துவிட்டேன்.

"புத்தகத்துல என்னடி போட்டிருக்கு?"

"பருத்தி ஆடைன்னு போட்டிருக்கு."

"அப்புறம் ஏன் இப்படி எழுதின?"

"நாமன்னுதானேம்மா கேட்டிருக்கு? டீச்சரே ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத்தான் இந்தக் கேள்வியக் கேட்டாங்க." பிறகு என் கையைப் பார்த்தாள். "அழிக்கணுமா?"

"வெரசா கெளம்பு, பெல் அடிச்சிரும்," என்று நோட்டைப் பைக்குள் வைத்து, சீவிய பென்சிலைக் கொடுத்து, அவள் கையைப் பிடித்து நடத்திக் கொண்டுபோய்ப் பள்ளியில் விட்டேன். திரும்பி வருகிற வழியில்தான் கவனித்தேன், மறு கைக்குள் ரப்பர் அப்படியே இருந்தது. உள்ளங்கை வியர்த்து, ரப்பர் சூடேறிப் போயிருந்தது.

உன் நோட்டுப் பக்கத்தில் மூன்று ஓட்டை போட்டவள் நான். பயத்தில் செய்தேன். உன்மேல் வைத்த ஆசையிலும் செய்தேன். இரண்டும் சேர்ந்தால் கை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று இன்றும் பார்த்தேன். மன்னித்துக்கொள். பஸ்ஸில் சொல்லியிருக்க வேண்டியது இது.

ரப்பரை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுப்பில் பருப்பு கிடக்கிறது, வேகாமல், தன் 199-இல் கொதித்துக்கொண்டு. நாலு மணிக்கு நோட்டு திரும்பி வரும். அந்த விடைக்கு நேரே பெருக்கல் குறி விழுந்திருக்கலாம். பயம் இன்னும் போகவில்லை. ஆனாலும் கண் நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்துக்கே போகிறது. உன் தாளைத் திருத்தியவர் யோசித்தாரோ இல்லையோ, இவளுடைய டீச்சராவது சிவப்புப் பேனாவைப் பிடித்தபடி கொஞ்சம் யோசித்தாரா என்று எனக்கு இன்றைக்கே தெரிந்தாக வேண்டும்.